மகனின் செயலிழந்த கையை எடுக்கச் சம்மதிக்கலாமா?

கேள்வி:

"என் மகனுக்கு 26 வயது. பள்ளிபாளையத்தில் விசைத்தறிப் பட்டறையில் வேலை பார்த்தான். இரண்டரை வருடத்துக்கு முன் பைக் விபத்தில் வலது கைக்குப் போகும் நரம்புகள் பிய்ந்துவிட்டன. ஐந்தாம் மாதம் நரம்பு ஆபரேஷன் நடந்தது. இப்போது தோளைக் கொஞ்சம் தூக்குகிறான், முழங்கையை மடக்குகிறான். மணிக்கட்டும் விரல்களும் அசையவே இல்லை, தொட்டாலும் தெரிவதில்லை. ஆனால் அந்தக் கைதான் இரவெல்லாம் எரிகிறது, யாரோ நசுக்குகிறார்கள் என்று அழுகிறான். கையைப் பார்த்து இரண்டு சம்பந்தம் தட்டிப் போய்விட்டது. செயற்கை உறுப்பு விற்கும் ஓரிடத்தில், முழங்கைக்குக் கீழே எடுத்துவிட்டால் நினைத்ததைச் செய்யும் பயோனிக் கை பொருத்தலாம், பன்னிரண்டு லட்சம் ஆகும் என்றார்களாம். ஒன்றேகால் ஏக்கர் மஞ்சள் காட்டை விற்றுக் கொடு என்கிறான். ரத்தம் ஓடுகிற கையை வெட்டுவது பாவம் என்கிறார் என் மாமியார். ஆஸ்பத்திரியில் என் கையெழுத்தையும் கேட்பார்களாம். வண்டி வாங்கிக் கொடுத்தவளே நான்தான். இப்போது நான் என்ன செய்யட்டும் டாக்டர்?"

— பெயர் வெளியிட விரும்பாத வாசகி, ஈரோடு

மறுவாழ்வு மருத்துவரின் பதில்:

அன்புள்ள அம்மா,

கையெழுத்தில் இருந்து தொடங்குகிறேன். அந்தப் பாரம் உங்கள் மேல் விழ வேண்டியதே இல்லை. உங்கள் மகன் வயது வந்தவர், தெளிவான நினைவோடு இருப்பவர். அவர் உடலில் என்ன செய்யலாம் என்பதற்கு அவருடைய சம்மதம்தான் செல்லும். பரிசோதனைக்காக மயக்க மருந்தில் இருந்த ஒரு பெண்ணின் கருப்பையை, வெளியே காத்திருந்த தாயாரிடம் மட்டும் சம்மதம் கேட்டு அகற்றிய ஒரு வழக்கில், அது சம்மதமே ஆகாது என்று 2008-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆஸ்பத்திரியில் உறவினர் கையெழுத்து கேட்பது வழக்கம், அவ்வளவுதான். காட்டை விற்பதா வேண்டாமா என்பது உங்கள் முடிவு. கையை எடுப்பதா வேண்டாமா என்பது அவருடைய முடிவு. இரண்டையும் ஒரே பேச்சில் போட்டுக் குழப்பிக்கொண்டால் வீட்டில் சண்டைதான் மிஞ்சும்.

மாமியார் சொல்வதை நான் ஒதுக்கித் தள்ள மாட்டேன். எடுத்த கை திரும்பி வராது என்ற பயம் அதில் இருக்கிறது. அது நியாயமான பயம். ஆனால் ரத்தம் ஓடுகிறது என்ற ஒரே காரணத்துக்காக ஓர் உறுப்பை வைத்திருந்தே ஆக வேண்டும் என்றும் இல்லை. ஆறாத எலும்புச் சீழ், தாங்க முடியாத கோணல், திரும்பத் திரும்ப வரும் புண் என்று, ரத்த ஓட்டம் இருக்கும்போதே அகற்றியதால் நிம்மதியடைந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். அகற்றுவதுதான் நல்லது என்று நானே சொன்னதும் உண்டு. ஆகவே இதைப் பாவ புண்ணியக் கணக்காகப் பார்க்காதீர்கள். எதை முதலில் செய்வது, எதைக் கடைசியில் செய்வது என்பதில்தான் இந்த விஷயத்தின் தர்மம் இருக்கிறது. உங்கள் மகனிடம் பேசிய இடத்தில் அந்த வரிசை தலைகீழாக இருக்கிறது என்பதுதான் என் கவலை.

முதலில் வலி.

கழுத்துத் தண்டுவடத்தில் இருந்து ஐந்து நரம்பு வேர்கள் புறப்பட்டு, தோளுக்குள் பின்னிப் பிரிந்து கைக்கு வருகின்றன. வண்டியில் இருந்து விழும்போது தலை ஒரு பக்கமும் தோள் மறுபக்கமும் இழுபட்டால் இந்த வேர்கள் தண்டுவடத்தில் இருந்தே பிடுங்கப்பட்டுவிடலாம். உங்கள் மகனுக்கு நடந்தது அதுவாகத்தான் இருக்க வேண்டும். உணர்வே இல்லாத கையில் எரிச்சலும் நசுக்கலும் என்பது அதன் அடையாளம். பிடுங்கப்பட்ட இடத்தில், செய்தி வராமல் போன தண்டுவட நரம்புச் செல்கள் தாமாகவே கூச்சலிடத் தொடங்குகின்றன. மூளை அதை "கை எரிகிறது" என்று படிக்கிறது. வலி பிறக்கும் இடம் கழுத்தில் இருக்கும்போது முழங்கைக்குக் கீழே வெட்டினால் அது எப்படிப் போகும்? போகாது என்றே எண்ணிக்கொள்ளுங்கள். கை போன பிறகும் இல்லாத விரல்களில் அதே எரிச்சல் தொடரலாம். வெட்டிய நரம்பின் முனை புதிதாக ஒரு வலியையும் சேர்க்கலாம். "எடுத்துவிட்டால் வலி தீரும்" என்று யாராவது உங்கள் மகனிடம் உறுதி கொடுத்திருந்தால் அந்த உறுதியை நம்ப வேண்டாம்.

இந்த வலிக்கு மருத்துவம் இருக்கிறது. கபாபென்டின், பிரீகாபலின், அமிட்ரிப்டிலின் போன்ற மருந்துகளைச் சரியான அளவுக்குப் படிப்படியாகக் கூட்டிப் பார்க்க வேண்டும். சிறிய அளவில் பத்து நாள் சாப்பிட்டுவிட்டுக் கேட்கவில்லை என்று நிறுத்தியவர்கள்தான் என்னிடம் அதிகம் வருகிறார்கள். மருந்துக்கு அடங்காதவர்களுக்கு, வேர் நுழையும் இடத்தில் தண்டுவடத்திலேயே செய்யும் ஓர் அறுவை சிகிச்சை உண்டு. காலில் பலவீனம் வரும் ஆபத்து அதில் இருப்பதால் நன்கு பழகிய நரம்பியல் அறுவை நிபுணரிடம் மட்டுமே அதைப் பற்றிப் பேச வேண்டும்.

வலியை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், இரண்டரை வருடமாகச் சரியாகத் தூங்காத ஒருவர் "வெட்டுங்கள்" என்று சொல்லும்போது அதை அவருடைய முழு விருப்பமாக எடுத்துக்கொள்ள எனக்கு மனம் வருவதில்லை. வலிதான் அவர் வாயால் பேசுகிறது. வலி அடங்கி, ஒரு சில மாதம் நன்றாகத் தூங்கி எழுந்த பிறகும் அதையே கேட்டால் அப்போது அது அவருடைய சொல். கூடவே, சாகலாம் போல இருக்கிறதா என்று அவரிடம் நேராகக் கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் வந்துவிடாது. இருந்தால் மனநல மருத்துவரைப் பார்ப்பதைத் தள்ளிப் போடாதீர்கள்.

அடுத்து, இருக்கும் கையை வைத்துச் செய்யக்கூடியது எல்லாம் செய்தாகிவிட்டதா? நரம்பு நாளைக்கு ஒரு மில்லிமீட்டர் அளவில்தான் வளரும். நரம்புச் செய்தி எட்டாத தசை ஒன்று ஒன்றரை வருடத்தில் மீட்க முடியாதபடி நலிந்துவிடும். அதனால் பழைய தசைகள் இனி தாமாக விழிக்கும் என்று காத்திருப்பதில் பயன் இல்லை. ஆனால் தொடையில் இருந்து ஒரு தசையை ரத்தக்குழாயோடும் நரம்போடும் எடுத்து முன்கையில் வைத்து விரல்களை மடக்க வைக்கும் சிகிச்சை இந்தக் காலகட்டத்திலும் சிலருக்குச் சாத்தியம். தசைநார் மாற்றம், மணிக்கட்டை நல்ல நிலையில் நிறுத்தி வைத்தல் போன்றவையும் உண்டு. இதனால் நெசவு செய்யும் கை கிடைக்காது. ஒரு பையை மாட்டிக்கொள்ளவோ, காகிதத்தை அழுத்திப் பிடிக்கவோ ஆகும் கை கிடைக்கலாம். இவற்றைப் பற்றி யாரும் உங்களிடம் பேசியதாகக் கடிதத்தில் இல்லை. கோவையில் கங்கா மருத்துவமனை, வேலூர் சி.எம்.சி., சென்னையில் அரசு ஸ்டான்லி மருத்துவமனையின் கை அறுவை சிகிச்சைத் துறை ஆகியவை இதில் நீண்ட அனுபவம் உள்ள இடங்கள். ஈரோட்டில் இருந்து கோவை பக்கம்தான். விற்பவரிடம் கருத்துக் கேட்கும் முன் இங்கே ஒரு கருத்துக் கேளுங்கள். கையை எடுக்கலாம் என்று முடிவு சொல்பவரும், எடுத்த பின் பன்னிரண்டு லட்சத்துக்குக் கை விற்பவரும் ஒருவராகவே இருக்கக் கூடாது. இதில் எனக்குச் சமரசமே இல்லை.

இனி அந்தப் பயோனிக் கை. இப்படிப்பட்ட கைகளைக் காட்டும் வீடியோ எதையாவது உங்கள் மகன் பார்த்திருந்தால், அது பொய்யாக இருக்க வேண்டியதில்லை. ஆஸ்திரியாவில் வியன்னா மருத்துவப் பல்கலைக்கழகத்தில் ஓஸ்கர் அஸ்மான் என்ற அறுவை நிபுணரின் குழு, இதே போல நரம்பு வேர் அறுந்த மூன்று ஆண்களுக்குச் செயலிழந்த கையை அகற்றி மின்னணுக் கை பொருத்தியது. 2015-இல் 'லான்செட்' மருத்துவ இதழில் அது வெளிவந்தது. கையின் வேலைத்திறனை 57 மதிப்பெண்ணுக்கு அளக்கும் சோதனையில் ஏறத்தாழ 5 எடுத்தவர்கள் சராசரியாக 30 வரை வந்தார்கள். குடுவையில் இருந்து தண்ணீர் ஊற்றினார்கள், சாவி திருப்பினார்கள், இரு கையாலும் பொத்தானைக் கழற்றினார்கள். பெரிய முன்னேற்றம்தான்.

ஆனால் அந்தக் குழு என்ன வரிசையில் வேலை செய்தது என்பதை அப்படிப்பட்ட வீடியோ சொல்லியிருக்காது. மின்னணுக் கை மூளையைப் படிப்பதில்லை. மீதமுள்ள தசை சுருங்கும்போது தோலின் மேல் எழும் மிகச் சிறிய மின்சாரத்தைப் படிக்கிறது. விரித்தலுக்கு ஒன்று, மூடுதலுக்கு ஒன்று என்று பொதுவாக இரண்டு தனித்தனி சிக்னல் வேண்டும். கம்பத்தில் இருந்தே ஒயர் பிடுங்கப்பட்ட வீட்டில் புது மின்விசிறி மாட்டினால் சுற்றுமா? அதனால் வியன்னாவில் முதலில் முன்கையில் சிக்னல் இருக்கிறதா என்று தேடினார்கள். போதாதவர்களுக்கு நரம்பையும் தசையையும் மாற்றி வைத்துச் சிக்னலை உண்டாக்கினார்கள். பிறகு மாதக்கணக்கில் கணினித் திரையைப் பார்த்தபடி அந்தச் சிக்னலை ஆளப் பழக்கினார்கள். அதன் பின், செயலிழந்த கை இருக்கும்போதே அதன் மேல் ஒரு சட்டம் கட்டி, அதில் மின்னணுக் கையை மாட்டிப் பயிற்சி கொடுத்தார்கள். இது என் வாழ்க்கைக்கு உதவுகிறதா, நான் இதை அணிவேனா என்பதை அந்த மனிதர்களே தெரிந்துகொண்டார்கள். கத்தியை எடுத்தது அதற்குப் பிறகுதான்.

உங்கள் மகனுக்கு முழங்கை மடங்குகிறது, தோள் கொஞ்சம் எழுகிறது என்பது நல்ல செய்தி. இந்தச் சிகிச்சைக்குத் தகுதி பெற அவை வேண்டும். முன்கையில் சிக்னல் இருக்கிறதா என்று அந்த விற்பனை இடத்தில் எலக்ட்ரோடு (தோலின் மேல் வைத்துத் தசையின் மின்சாரத்தைப் படிக்கும் சிறு தகடு) வைத்துப் பார்த்தார்களா? சட்டத்தில் மாட்டிப் பழக்க முன்வந்தார்களா? இரண்டுக்கும் பதில் இல்லை என்றால், வெட்டிய பிறகு அசையாத ஒரு பிளாஸ்டிக் கையோடு அவர் வீடு திரும்பும் வாய்ப்பும் இருக்கிறது.

இன்னொன்று. செயலிழந்த கையை எடுத்துச் செயற்கைக் கை வைப்பது புது யோசனை இல்லை. இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய ஆண்டுகளில் பிரிட்டனில் தோள் மூட்டை அசையாதபடி எலும்போடு எலும்பாக இணைத்து, முழங்கைக்கு மேலே வெட்டி, பட்டை இழுத்து இயக்கும் கையை மாட்டுவது வழக்கமாக இருந்தது. அப்படிச் செய்தவர்களைத் தொடர்ந்து பார்த்து யோமன், செடன் என்ற இரு மருத்துவர்கள் 1961-இல் எழுதினார்கள்: விபத்து நடந்து இரண்டு வருடம் போவதற்குள் மனிதர்கள் ஒற்றைக் கையால் வாழப் பழகிவிடுகிறார்கள், அதன் பின் கொடுக்கும் செயற்கைக் கை பெரும்பாலும் மூலைக்குப் போய்விடுகிறது. இன்றைய மின்னணுக் கைகளிலும் இந்தச் சிக்கல் முழுதாகத் தீரவில்லை. பல ஆய்வுகளைத் தொகுத்து 2007-இல் வந்த ஒரு கட்டுரையின்படி பெரியவர்களில் ஏறத்தாழ நால்வரில் ஒருவர் செயற்கைக் கையை அணிவதையே விட்டுவிடுகிறார். உங்கள் மகன் இரண்டரை வருடத்தைத் தாண்டிவிட்டார். இன்று இடது கையால் எதையெல்லாம் செய்கிறார் என்று ஒரு நாள் முழுக்கக் கூட இருந்து கவனித்து அவரிடம் சொல்லுங்கள். அவரே வியந்துபோவார்.

காலை எடுத்துவிட்டுச் செயற்கைக் காலால் ஓடுகிறவர்களைப் பார்த்துவிட்டுப் பலர் கைக்கும் அப்படியே நடக்கும் என்று நினைக்கிறார்கள். கால் வேறு, கை வேறு. எடையைத் தாங்கி அடுத்த அடி வைப்பது காலின் வேலை. அதைச் செயற்கைக் கால் நன்றாகவே செய்கிறது. 1968-இல் உருவான ஜெய்ப்பூர் கால் வயல் சேற்றில் நடக்கவும், தரையில் குந்தவும் ஏற்றதாக வந்தது. வலி நிறைந்த, பயனற்ற காலை அகற்றுவது பற்றி நீங்கள் கேட்டிருந்தால் நான் இவ்வளவு தயங்கியிருக்க மாட்டேன். கையின் வேலையில் பாதி, தொட்டு அறிவது. சந்தையில் இன்று கிடைக்கும் மின்னணுக் கைகளில் பெரும்பாலானவற்றுக்கு அந்த உணர்வு இல்லை. கண்ணால் பார்த்துக்கொண்டே பிடிக்க வேண்டும்.

பொற்கைப் பாண்டியன் கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். தவறுதலாக ஒரு வீட்டுக் கதவைத் தட்டிய தன் கையைத் தானே வெட்டிக்கொண்டு பொன்னால் ஆன கையை வைத்துக்கொண்ட அரசன். அந்தக் கையால் அவன் சோறு பிசைந்தானா என்று கதை சொல்வதில்லை. உங்கள் மகன் அதைக் கேட்க வேண்டும். மின்னணுக் கைகளில் பெரும்பாலானவற்றைத் தண்ணீரில் நனைக்கக் கூடாது. குழம்பும் ரசமும் அதற்கு ஆகாது. ஆகவே பன்னிரண்டு லட்சம் கொடுத்த பிறகும் அவர் இடது கையால்தான் சாப்பிடுவார். பந்தியில் அதைப் பார்த்து முகம் சுளிப்பவர்களைப் பொருட்படுத்தாமல் சாப்பிட அவருக்கு இப்போதே துணை நில்லுங்கள். ஈரோட்டுச் சித்திரை வெயிலில், மீதமுள்ள கையை நுழைத்துக்கொள்ளும் உறையான சாக்கெட்டுக்குள் வியர்த்தால் எலக்ட்ரோடு வழுக்கும், சிக்னல் தவறும், தோல் புண்ணாகும். அரைக் கிலோ அளவுள்ள கை, தசையோடு ஒட்டாமல் சாக்கெட்டில் தொங்குவதால் அதைவிடக் கனமாகத் தெரியும். விசைத்தறியில் அறுந்த இழையை எடுத்து முடிச்சுப் போடும் வேலையை அது செய்யாது. தண்ணீர் பாட்டிலைப் பிடித்துக்கொண்டு மறு கையால் மூடியைத் திருகுவது, பையைத் தூக்குவது போன்ற துணை வேலைகளை நன்றாகச் செய்யும். அவருக்கு வேண்டியது அதுதான் என்றால் அந்த ஆசையில் தவறே இல்லை.

காட்டைப் பற்றி என் கருத்து: விற்காதீர்கள். விலையைச் சொன்னவர்கள், பேட்டரியும் மேலுறையும் தேய்ந்து மாற்ற வேண்டும், கை மெலியும்போது சாக்கெட்டைப் புதிதாகச் செய்ய வேண்டும், சில ஆண்டுகளில் கையையே மாற்ற நேரலாம் என்பதைச் சேர்த்துச் சொல்லியிருக்க மாட்டார்கள். ஆறாவது வருடம் மோட்டார் பழுதானால் யார் சரிசெய்வார்கள்? அந்த நிறுவனம் அப்போது இருக்குமா? அமெரிக்காவில் செகண்ட் சைட் என்ற நிறுவனம் பார்வையிழந்தவர்களின் கண்ணுக்குள் மின்னணுக் கருவி பொருத்தியது. உலகம் முழுவதும் 350 பேருக்கு மேல் அதைப் பொருத்திக்கொண்டார்கள். பணம் முடைப்பட்டு நிறுவனம் அந்தக் கருவியைக் கைவிட்டது. பழுதானால் பார்க்க ஆள் இல்லாமல் அவர்கள் தவித்த செய்தி 2022-இல் வெளிவந்தது. உடலில் ஒரு கருவியை மாட்டுகிறவர் அது உழைக்கும் காலம் வரை பொறுப்பேற்க வேண்டும் என்று கட்டாயப்படுத்தும் ஏற்பாடு நம்மிடம் வலுவாக இல்லாதவரை, ஏழைக் குடும்பம் நிலத்தை விற்று அந்த ஆபத்தைத் தலையில் ஏற்றிக்கொள்வது அநியாயம் என்றே சொல்வேன். இது எனக்குக் கோபம் தரும் விஷயம், அம்மா. பணக்காரர் வீட்டில் இந்தச் சோதனை தோற்றால் ஒரு கருவி வீணாகும். உங்கள் வீட்டில் தோற்றால் கையும் காடும் சேர்ந்து போகும்.

அரசின் மாற்றுத்திறனாளி அட்டை எடுத்தாயிற்றா? 2016-ஆம் ஆண்டுச் சட்டப்படி 40 சதவீதமும் அதற்கு மேலும் குறைபாடு உள்ளவர்களுக்கு அரசு வேலையில் 4 சதவீத ஒதுக்கீடு உண்டு. கை இருக்கும்போதே, முழுச் செயலிழப்புக்குச் சான்று கிடைக்கும். சான்றுக்காகக் கையை எடுக்கத் தேவையில்லை. (இப்படியும் ஒரு யோசனையைச் சிலர் சொல்லிக் கேட்டிருக்கிறேன், அதனால்தான் எழுதுகிறேன்.)

தட்டிப்போன சம்பந்தங்கள் உங்களை எவ்வளவு வருத்தியிருக்கும் என்று புரிகிறது. அவரையும் வருத்தியிருக்கும். ஆனாலும், யாருமே பார்க்காத ஊரில் வாழ்ந்தாலும் இந்தக் கையை எடுக்கச் சொல்வாயா என்று அவரிடம் கேட்டுப் பாருங்கள். ஆம் என்றால், அது அவருடைய உடலைப் பற்றிய தேவை, மதிக்க வேண்டும். இல்லை என்றால், பிறர் பார்வைக்காக உறுப்பை இழக்கச் சொல்லும் சமூகத்துக்கு நாம் ஏன் கத்தி எடுத்துக் கொடுக்க வேண்டும்? 1954-இல் விபத்தில் கால்கள் செயலிழந்த டாக்டர் மேரி வர்கீஸ், வேலூரில் சக்கர நாற்காலியில் அமர்ந்தே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தார். பிறகு எங்கள் மறுவாழ்வுத் துறையை அங்கே கட்டியெழுப்பினார். அவர் எதையும் ஒளிக்கவில்லை.

கை இருக்கும்வரை அதைக் காப்பது முக்கியம். உணர்வற்ற கைகளை எப்படிக் காப்பது என்பதை 1946-இல் வேலூர் வந்த பால் பிராண்ட் தொழுநோயாளிகளிடம் கற்று உலகுக்குச் சொன்னார்: விரல்களை நோய் தின்பதில்லை, வலி தெரியாததால் வரும் காயங்கள்தான் தின்கின்றன. உங்கள் மகன் தினமும் கையைக் கண்ணால் பார்க்க வேண்டும், அடுப்பு, சைலன்சர், கதவு இடுக்கு இவற்றில் கவனமாக இருக்க வேண்டும். தோள் கீழே இழுபடாமல் கையைத் தாங்கும் தூளிப்பட்டை போட வேண்டும். இவ்வளவு செய்தும் கை திரும்பத் திரும்பப் புண்ணாகிறது, அதன் எடை தோளை இழுக்கிறது, சிக்னல் இருக்கிறது, சட்டத்தில் மாட்டிய கையை மாதக்கணக்கில் விரும்பி அணிகிறார், வலி அடங்கிய பிறகும் எடுங்கள் என்றே கேட்கிறார் என்றால், நானே அவர் பக்கம் நின்று எழுதிக் கொடுப்பேன். அன்று நீங்களும் அவர் பக்கம் நில்லுங்கள்.

வண்டி வாங்கிக் கொடுத்ததைப் பற்றி எழுதியிருந்தீர்கள். வேலைக்குப் போகிற பிள்ளைக்கு வண்டி வாங்கிக் கொடுப்பதில் என்ன குற்றம்? அந்தக் குற்ற உணர்ச்சியில்தான் காட்டை விற்கத் துணிகிறீர்களோ என்று எனக்குத் தோன்றுகிறது. அப்படி என்றால் அதை அவரிடம் சொல்லிவிடுங்கள். அவர் உங்கள் மேல் பழி வைத்திருக்கவில்லை என்பது ஒருவேளை அப்போது தெரியவரும்.

இந்தப் பதிலை அவரிடமே படிக்கக் கொடுங்கள். தம்பி, நீங்கள் கோவைக்குப் போகும்போது பழைய அறுவை சிகிச்சைக் குறிப்பு, கழுத்து எம்.ஆர்.ஐ. படம், நரம்பு மின் பரிசோதனை அறிக்கை மூன்றையும் எடுத்துச் செல்லுங்கள். இதுவரை எடுத்த வலி மருந்துகளின் பெயரையும் அளவையும் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். கையைப் பற்றிப் பேசும் முன், இரவு எத்தனை மணி நேரம் தூங்குகிறீர்கள் என்பதை மருத்துவரிடம் சொல்லுங்கள்.